தாத்தா வீடு ‘பாரம்பரியக் கட்டடம்’ ஆகுமா? இடிக்கறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு



பெரம்பலூர், அரியலூர் பக்கம் பழைய ஓட்டு வீடு வெச்சிருக்கிற குடும்பங்கள்ல ஒரு பேச்சு அடிக்கடி வருது. தாத்தாவோ அவரோட அப்பாவோ கட்டின வீடு. திண்ணை, ரேழி, முற்றம், தேக்குத் தூண் எல்லாம் இருக்கு. பிள்ளைகள் சென்னை, திருச்சி, சிங்கப்பூர்னு போயாச்சு. மழைக்கு ஓடு ஒழுகுது. பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ எல்லாரும் கூடும்போது மூணு யோசனை வரும்.

ஒருத்தர், “இடிச்சு சமன் பண்ணி மனையா வித்துடலாம்”னு சொல்வார். இன்னொருத்தர், “தூணையும் நிலைக்கதவையும் காரைக்குடி வியாபாரிக்குக் கொடுத்தாலே நல்ல காசு”ம்பார். மூணாவது ஆள், “நூறு வருஷ வீடு, அரசாங்கத்துல பாரம்பரியக் கட்டடம்னு எழுதி வாங்கிட்டா மானியம் வரும், மதிப்பும் ஏறும்”பார்.

மூணு பேர் சொல்றதுலயும் பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரியாம முடிவு எடுத்தா திருப்ப முடியாத நஷ்டம் வரும். அதனால இந்தப் பதிவைக் கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதல்ல சுருக்கமான பதில்

1. வயசு மட்டும் போதாது. நூறு வருஷம் ஆன எல்லா வீடும் பாரம்பரியக் கட்டடம் ஆகாது.
2. அங்கீகாரம் கிடைச்சா தானா பணம் வராது. பொறுப்பும் கட்டுப்பாடும்தான் முதல்ல வரும்.
3. வரிசை ரொம்ப முக்கியம். மதிப்பீடு முதல்ல, முடிவு அப்புறம். தூணைப் பிடுங்கி, சுவரை இடிச்ச பிறகு யோசிச்சா, பாரம்பரியத் தகுதியும் போகும், வருமான வரியில கிடைக்க வேண்டிய ஒரு நல்ல சலுகையும் கையைவிட்டுப் போகலாம்.

மூணாவது பாயின்ட்தான் இந்தப் பதிவோட சாரம். ஏன்னு கணக்கோட பார்ப்போம்.

‘பாரம்பரியம்’னு யார் சொன்னா செல்லும்?

இதுல நாலு அடுக்கு இருக்கு. நாலையும் ஒண்ணா போட்டுக் குழப்பிக்கறதாலதான் பாதிப் பிரச்சினை.

முதல் அடுக்கு, மத்திய தொல்லியல் துறை. 1958-ம் வருஷத்து மத்தியச் சட்டப்படி நூறு வருஷத்துக்குக் குறையாத, வரலாறு, தொல்லியல், கலை முக்கியத்துவம் உள்ள சின்னங்களை ‘தேசிய முக்கியத்துவம்’னு அறிவிக்கிறாங்க. நம்ம பக்கத்துல கங்கைகொண்ட சோழபுரம் கோயில், ரஞ்சன்குடிக் கோட்டை இந்த வகை. குடும்பங்கள் வசிக்கிற சாதாரண வீடு இந்த அடுக்குக்குப் போறது ரொம்ப அபூர்வம்.

இரண்டாவது, மாநிலத் தொல்லியல் துறை. இதுக்கு 1966-ம் வருஷத்து தமிழ்நாடு சட்டம். மதுரை திருமலை நாயக்கர் மகால், ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் மாதிரி அரண்மனைகள் இதுல வருது. ஒரு ஜமீன் மாளிகைக்கு இந்தக் கதவைத் தட்டிப் பார்க்கலாம். ரெண்டு கட்டு ஓட்டு வீட்டுக்கு இது கஷ்டம்.

மூணாவது, தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம், 2012. நமக்கு நேரடியா சம்பந்தப்பட்டது இதுதான். கோயில், கோட்டை மட்டும் இல்லாம, வரலாறு, கட்டடக்கலை, பண்பாடு சார்ந்த முக்கியத்துவம் உள்ள மத்தக் கட்டடங்களையும் அடையாளம் கண்டு அரசுக்கு ஆலோசனை சொல்ற ஆணையத்துக்கான சட்டம். 2012-ல நிறைவேறின சட்டம் 2024-லதான் அமலுக்கு வந்தது. அதாவது மாவட்ட அளவுல இது இன்னும் பழக்கத்துக்கு வராத விஷயம். “தாலுகா ஆபீஸ்ல விண்ணப்பம் கொடுத்தா பத்து நாள்ல சான்றிதழ்”னு யாராவது காசு கேட்டா, கொடுக்காதீங்க.

நாலாவது, இன்டாக் மாதிரி அமைப்புகள் எடுக்கிற பட்டியல். இன்டாக் 1984-ல தொடங்கினது, திருச்சியிலும் கிளை இருக்கு. இவங்க பட்டியல்ல வந்தா சட்ட பலம் கிடையாது. ஆனா ஆவணமா மதிப்பு உண்டு. நாளைக்கு அரசுகிட்ட கேக்கும்போது, “ஏற்கெனவே துறை தெரிஞ்சவங்க பார்த்துப் பதிவு பண்ணியிருக்காங்க”ன்னு காட்டலாம்.

பட்டியல்ல இருக்கறதுக்கும் சட்டப் பாதுகாப்புக்கும் உள்ள வித்தியாசத்தைச் சென்னை அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை வெச்சுப் புரிஞ்சுக்கலாம். 1897-ல கட்டினது. 2006-ல இடிக்கற வேலை ஆரம்பிச்சப்ப இன்டாக் உயர் நீதிமன்றம் போச்சு. 2010-ல நீதிமன்றம் இடிக்கக் கூடாதுன்னு தீர்ப்பு கொடுத்தது. ஆனா தீர்ப்புக்குப் பிறகும் பல வருஷம் அந்தக் கட்டடம் சிதைஞ்ச நிலையிலேயே நின்னது. இடிக்கறதுக்குத் தடை வந்தா கூரை தானா சரியாகாது. அதுக்குப் பணம் வேற எங்கிருந்தாவது வரணும். இதை மனசுல வெச்சுக்கிட்டு மேல போவோம்.

உங்க வீட்டைச் சோதிக்க 4 கேள்விகள்

மத்திய அரசு 2016-ல வெளியிட்ட மாதிரிக் கட்டட விதிகள் பாரம்பரியக் கட்டடங்களை மூணு தரமா பிரிக்குது. முதல் தரம் நாட்டு அளவுல முக்கியமானது. இரண்டாம் தரம் வட்டார அளவுல முக்கியமானது. மூணாம் தரம் ஒரு தெருவோட, ஊரோட தோற்றத்துக்கு முக்கியமானது. நம்ம பக்கத்து வீடுகள் தேறினா பெரும்பாலும் மூணாம் தரம், சிலது இரண்டாம் தரம். இதை வெச்சு உங்க வீட்டை நீங்களே முதல் கட்டமா சோதிக்கலாம்.

*கேள்வி 1: வயசுக்கு என்ன ஆதாரம்?*

“எங்க தாத்தா சொல்வார்” ஆதாரம் ஆகாது. பட்டாவும் வீட்டோட வயசைச் சொல்லாது. நம்ம கிராமத்து வீடுகள் நிறைய நத்தம் இடத்துல இருக்கு. நத்தம் பட்டா மனை யாருதுன்னுதான் சொல்லும், வீடு எப்ப கட்டினதுன்னு சொல்லாது.

அப்ப எதைப் பார்க்கணும்? பழைய கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம். அதுல சொத்து விவரத்துல “மெத்தை வீடு”, “ஓட்டு வீடு”ன்னு எழுதியிருக்கும். ஆன்லைன்ல வில்லங்கச் சான்று பொதுவா 1975-லேருந்துதான் கிடைக்கும். அதுக்கு முந்தினதுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்துல மனு போட்டுத் தேடணும். பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது 1995-லதான், அதுவரைக்கும் ரெண்டு மாவட்டமும் பழைய திருச்சி மாவட்டம். அதனால பழைய ஆவணங்களைத் தேடும்போது ‘திருச்சிராப்பள்ளி ஜில்லா’ங்கற பேர்லயும் தேடுங்க. பஞ்சாயத்து, நகராட்சி வீட்டு வரி ரசீதுகளும் உதவும்.

வீடே சாட்சி சொல்லும். சீமை ஓட்டைத் திருப்பிப் பாருங்க, பின்பக்கம் கம்பெனி பேர் அச்சு இருக்கும். இரும்பு உத்தரம் இருந்தா அதுலயும் முத்திரை இருக்கும். ஜாம்ஷெட்பூர்ல டாட்டா எஃகு உற்பத்தி 1912-லதான் ஆரம்பிச்சது. அதனால டாட்டா முத்திரை உள்ள உத்தரம் அதுக்கு முன்னாடி வந்திருக்க முடியாது. ஒருவேளை வீட்டோட அந்தப் பகுதி மட்டும் பின்னாடி சேர்த்ததா இருக்கலாம். நிலைப்படி மேல செதுக்கின வருஷம், பழைய கல்யாண போட்டோ எல்லாத்தையும் படம் எடுத்து வைங்க.

*கேள்வி 2: இந்த வீடு ஏன் முக்கியம்?*

இதுக்கு ஒரே வாக்கியத்துல பதில் எழுத முடியணும். வட்டாரக் கட்டட முறைக்கு நல்ல உதாரணமா? ஒரு தெருவோட தொடர்ச்சியில இது ஒரு கண்ணியா? பொது வாழ்க்கையில இருந்த ஒருத்தரோட தொடர்பு உண்டா? ஊர்ப் பள்ளிக்கூடம், நூலகம், தபால் ஆபீஸ்னு ஏதாவது இங்க நடந்ததா?

தொடர்பு விஷயத்துல ஜாக்கிரதை. உ.வே.சாமிநாதையர் சின்ன வயசுல அரியலூர், குன்னம், செங்குணம்னு நம்ம ஊர்கள்ல தங்கிப் படிச்சதைத் தன் வரலாற்றுல எழுதியிருக்கார். உடையார்பாளையம் ஜமீனோட அவங்க குடும்பத்துக்கு இருந்த தொடர்பும் தெரிஞ்சதே. அது ஊருக்குப் பெருமை. ஆனா “அவர் எங்க வீட்டுத் திண்ணையிலதான் பாடம் படிச்சார்”னு சொல்லணும்னா, அந்த வீடு, அந்தத் தெரு, அந்தக் காலத்து உரிமையாளர் பேர் எல்லாம் ஆவணத்தோட ஒத்துப் போகணும். ஊரோட தொடர்பு வேற, வீட்டோட தொடர்பு வேற. ஆதாரம் இல்லாத ஒரு பெரிய பேரைப் போட்டா, உண்மையா இருக்கிற மத்த விஷயங்களையும் சேர்த்துச் சந்தேகப்படுவாங்க.

*கேள்வி 3: பழசு எவ்வளவு மிச்சம் இருக்கு?*

நிறைய வீடு இங்கதான் தோத்துப் போகுது. அமெரிக்காவுல தேசியப் பதிவேட்டுல சேர்க்கிறதுக்கு ஒரு கட்டடத்துக்குப் பொதுவா 50 வயசு ஆனாலே போதும். ஆனா இருக்கிற இடம், வடிவமைப்பு, சுற்றுப்புறம், கட்டுமானப் பொருள், வேலைப்பாடு, அந்தக் காலத்து உணர்வு, வரலாற்றுத் தொடர்புன்னு ஏழு விதமா, “பழைய கட்டடம் இன்னும் பழைய கட்டடமா இருக்கா”ன்னு பார்ப்பாங்க. நமக்கும் இது நல்ல அளவுகோல்.

திண்ணையை உடைச்சுக் கடை ஷட்டர் போட்டாச்சா? முற்றத்துக்கு மேல கான்கிரீட் போட்டாச்சா? ஓட்டை எடுத்துட்டுத் தகரம் போட்டாச்சா? சுண்ணாம்புச் சுவருக்கு மேல சிமெண்ட் பூச்சு பூசியாச்சா? ஒரு மாற்றத்தால தகுதி போயிடாது. நாலஞ்சு சேர்ந்தா சொல்றதுக்கு ஒண்ணும் மிஞ்சாது.

சிமெண்ட் பத்தி ஒரு வார்த்தை. நம்ம அரியலூர் சிமெண்ட் ஊர். ஆனா சுண்ணாம்புச் சாந்துல கட்டின பழைய சுவருக்குச் சிமெண்ட் பூச்சு ஆகாது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளிய விடும். மேல சிமெண்ட் போட்டா ஈரம் உள்ளேயே நின்னு செங்கல் உதிர ஆரம்பிக்கும். ‘ரிப்பேர்’னு செலவு பண்ணி வீட்டைக் கெடுக்கற வேலை இது. சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார் கிடைக்கற வரைக்கும் ஒழுகற இடத்தை மட்டும் அடைச்சுட்டு, மத்ததைத் தொடாம இருக்கறது மேல்.

*கேள்வி 4: யார் கையெழுத்துப் போடுவாங்க?*

ஆடிட்டரா நான் முதல்ல கேக்கற கேள்வி இதுதான். வீடு இன்னும் தாத்தா பேர்ல இருக்கு. அவர் காலமாகி நாப்பது வருஷம். வாரிசு இப்ப பதினஞ்சு பேர். அத்தைங்க, அத்தை பிள்ளைங்க எல்லாரும் சேர்த்தித்தான். “பொண்ணுங்களுக்குக் குடியிருக்கிற வீட்டுல பங்கு பிரிக்கக் கேக்க முடியாது”ன்னு ஒரு பழைய நினைப்பு இன்னும் ஊர்ல ஓடுது. இந்து வாரிசுரிமைச் சட்டத்துல இருந்த அந்தத் தடையை 2005-லயே எடுத்தாச்சு. எல்லாரும் ஒத்துக்காம விற்பனையும் சிக்கல், பாரம்பரிய விண்ணப்பமும் சிக்கல், பேங்க் கடனும் கிடைக்காது. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ போட்டு உரிமையைத் தெளிவு பண்றதுதான் முதல் செலவு. இது எந்த முடிவுக்கும் வீண் போகாத செலவு.

தூண் வியாபாரி வர்றதுக்கு முன்னாடி

வீடு பூட்டிக் கிடந்தா முதல்ல வர்றவர் இவர்தான். தூண், உத்தரம், செதுக்கின நிலை, பித்தளைக் குமிழ் போட்ட கதவு எல்லாத்துக்கும் மொத்தமா ஒரு தொகை சொல்வார். கையில ரொக்கம். வேண்டாம்னு சொல்ல மனசு வராது.

ஆனா ரெண்டு சட்டம் தெரிஞ்சிருக்கணும். முதலாவது, 1972-ம் வருஷத்து தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம். நூறு வருஷத்துக்குக் குறையாத, கட்டடத்துல இருந்து பிரிச்செடுத்த பொருளும் இந்தச் சட்டப்படி ‘தொல்பொருள்’தான். தொல்பொருள் விக்கறதைத் தொழிலா செய்யறவருக்கு லைசென்ஸ் வேணும். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மரச் சிற்பம் மாதிரி சில வகைகளைப் பதிவும் செய்யணும். பரண் மேல ஓலைச்சுவடி இருந்தா அதுக்கு 75 வருஷமே போதும். அதனால வாங்க வர்றவர்கிட்ட லைசென்ஸ் இருக்கான்னு கேக்கறது தப்பே இல்லை.

இரண்டாவது, வருமான வரி. “வீட்டுப் பழைய சாமான் வித்தா வரி இல்லை”ன்னு நினைக்கறாங்க. சொந்த உபயோகப் பொருள்களுக்கு உள்ள விலக்கு, நகை, சிற்பம், ஓவியம், கலைப்பொருளுக்குக் கிடையாது. தூணும் உத்தரமும் முதல்லயே வீட்டோட பாகம், சாமானே இல்லை. வித்து வர்ற பணம் கணக்குக்குள்ள வரும். ஒரே பரிவர்த்தனையில 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா, வாங்கினவருக்கு அதே அளவு தொகை அபராதம் வரலாம். வாங்கினவர்னா பணத்தை வாங்கினவர், அதாவது நீங்க.

இதெல்லாம் விட முக்கியம், கேள்வி 3-க்கு உங்ககிட்ட இருந்த பதிலே அந்தத் தூணும் நிலையும்தான். அது லாரி ஏறின நாள்ல வீட்டோட தகுதியும் லாரி ஏறிடும்.

இடிச்சுட்டு வித்தா வரி ஏன் மாறும்?

இப்ப கணக்கு. (2025-ம் வருஷத்துப் புது வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-லேருந்து அமலுக்கு வர்றதால பிரிவு எண்கள் மாறுது. அதனால எண் சொல்லாம விஷயத்தை மட்டும் சொல்றேன்.)

ஒரு கற்பனை உதாரணம். அரியலூர் டவுன்ல ஒரு பழைய வீடு, ஒரே உரிமையாளர். 2025-26-ல 48 லட்சத்துக்கு விக்கறார். பரம்பரைச் சொத்துங்கறதால, 2001 ஏப்ரல் 1 அன்னிக்கு இருந்த சந்தை மதிப்பை வாங்கின விலையா எடுத்துக்கலாம். அது 6 லட்சம்னு வெச்சுக்குவோம்.

முறை ஒண்ணு, இன்டெக்சேஷன் இல்லாம 12.5%:
48 − 6 = 42 லட்சம் லாபம். வரி 5,25,000.

முறை ரெண்டு, இன்டெக்சேஷனோட 20%:
குறியீடு 2001-02-க்கு 100, 2025-26-க்கு 376. 6 லட்சம் × 3.76 = 22.56 லட்சம். லாபம் 25.44 லட்சம். வரி 5,08,800.

2024 ஜூலை 23-க்கு முன்னாடியே சொத்து கையில இருந்த, இந்தியாவுல வசிக்கிற தனிநபருக்கும் கூட்டுக் குடும்பத்துக்கும் எது குறைவோ அது. இங்க ரெண்டாவது. இதுவே 2001 மதிப்பு 4 லட்சம்தான்னா? முதல் முறையில 5,50,000, ரெண்டாவதுல 6,59,200. அப்ப முதல் முறைதான் லாபம். சிங்கப்பூர்ல இருக்கிற தம்பி வரிக்கு வெளிநாடுவாழ் இந்தியரா இருந்தா அவர் பங்குக்கு இந்த ரெண்டாவது முறை கிடையாது. (செஸ் தனி.)

ஒரு எச்சரிக்கை. “பாரம்பரிய வீடு, அதனால 2001 மதிப்பை ஏத்திப் போட்டுக்கலாம்”னு சிலர் கேக்கறாங்க. முடியாது. அன்னிக்கு இருந்த கைடுலைன் மதிப்பைத் தாண்டிப் போகக் கூடாதுன்னு சட்டத்துல வரம்பு இருக்கு. மதிப்பீட்டாளர் அறிக்கை அந்த வரம்புக்குள்ளதான் உதவும்.

இப்ப முக்கியமான இடம். இவர் வித்த பணத்துல 42 லட்சத்துக்குத் திருச்சியில ஒரு வீடு வாங்கறார்.

வீடா வித்திருந்தா: குடியிருப்பு வீட்டை வித்து வேற வீடு வாங்கற சலுகை. இதுல *லாபத்தை* முதலீடு பண்ணினா போதும். லாபம் 42, முதலீடு 42. வரி பூஜ்யம்.

இடிச்சு மனையா வித்திருந்தா: வித்தது வீடு இல்லை, காலி மனை. அப்ப வேற சலுகைதான். அதுல *மொத்த விற்பனைத் தொகையையும்* முதலீடு பண்ணணும். 48-ல 42 தான் போட்டதால விகிதப்படி 36.75 லட்சத்துக்குத்தான் விலக்கு. மீதி 5.25 லட்சத்துக்கு 12.5%, அதாவது 65,625 ரூபாய் வரி. மேற்கொண்டு, விக்கற அன்னிக்கு அவர் பேர்ல ஏற்கெனவே ஒண்ணுக்கு மேல குடியிருப்பு வீடு இருந்தா இந்தச் சலுகையே கிடையாது. சென்னையில ஒரு ஃபிளாட், திருச்சியில ஒரு வீடுன்னு இருக்கிறவருக்கு, வித்த பணத்துல வீடு வாங்கினாலும் முழு லாபத்துக்கும் வரி.

வாங்கறவர் “இடிச்சுக் கொடுங்க, மனையாத்தான் வேணும்”பார். அது அவர் வசதி. அதோட வரி உங்க தலையில. வீட்டோடயே பத்திரம் போட்டுக் கொடுத்துட்டு, இடிக்கறதா வெச்சுக்கறதான்னு அவர்கிட்டயே விட்டுடலாம்.

அங்கீகாரம் கிடைச்சா வர்றதும் போறதும்

போறது என்னன்னு முதல்ல சொல்றேன். இடிக்கவோ பெரிய மாற்றம் செய்யவோ சாதாரணக் கட்டட அனுமதி மட்டும் போதாத நிலை வரும். அடுக்குமாடி கட்டற கனவு முடிஞ்சது. மனை விலைக்காக வாங்க வர்றவங்க விலகிப் போவாங்க. பங்காளிகள்ல ஒருத்தருக்குப் பணம் அவசரம்னா இது பெரிய சண்டையாகும். அதனால எல்லாரும் எழுத்துல ஒத்துக்கிட்ட பிறகுதான் இந்தப் பக்கம் போகணும்.

வர்றது? நேரடி வருமான வரிச் சலுகைன்னு ‘பாரம்பரிய வீட்டுக்காரருக்கு’ தனியா ஒண்ணும் கிடையாது. அமெரிக்காவுல வருமானம் தர்ற பாரம்பரியக் கட்டடத்தைச் சீரமைச்சா செலவுல 20% வரிக் கழிவு உண்டு. நம்ம சட்டத்துல அது இல்லை. பழைய வரி முறையில இருந்தா, குடியிருக்கிற வீட்டு ரிப்பேருக்கு வாங்கின கடன் வட்டியில வருஷத்துக்கு 30,000 வரைக்கும் கழிக்கலாம். வாடகைக்கு விட்டா வீட்டு வரி போக மீதியில 30% கழிவு ரெண்டு முறையிலும் உண்டு, நீங்க நிஜமா எவ்வளவு ரிப்பேர் செலவு பண்ணினாலும் அதே 30% தான். கட்டடத்தைப் பலப்படுத்தின, புதுசா சேர்த்த செலவுக்கு ரசீது வைங்க. விக்கும்போது அதை விலையோட சேர்க்கலாம். வெள்ளையடிச்சது, ஓடு மாத்தினது சேராது.

வருமானத்துக்கு வழி இருக்கா? மத்திய சுற்றுலா அமைச்சகத்தோட ‘ஹெரிடேஜ் ஹோட்டல்’ வகைப்பாட்டுக்கு 1950-க்கு முன்னாடி கட்டினதா இருக்கணும், குறைஞ்சது 5 அறை வேணும். நம்ம வீடுகள் பலதுக்கு அஞ்சு அறை வராது. சின்ன ஹோம்ஸ்டே சாத்தியம். ஆனா உண்மையைச் சொல்லணும்னா, நம்ம ஊர் செட்டிநாடு இல்லை. கங்கைகொண்ட சோழபுரம் பார்க்க வர்றவங்க பெரும்பாலும் அன்னிக்கே திரும்பிடறாங்க. கடன் வாங்கி ஹோம்ஸ்டே ஆரம்பிக்கறதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொரு வழி கம்பெனிகளோட சமூகப் பொறுப்பு நிதி. கம்பெனிச் சட்டத்தோட 7-வது அட்டவணையில வரலாற்று முக்கியத்துவம் உள்ள கட்டடங்களைச் சீரமைக்கிறதும், பொது நூலகம் அமைக்கிறதும் இருக்கு. அரியலூர்ல பெரிய சிமெண்ட் ஆலைகள் இருக்கறதால இது வெறும் பேச்சு இல்லை. ஆனா உங்க சொந்த வீட்டு ஓட்டை மாத்த அந்தப் பணம் வராது. வீட்டை ஒரு அறக்கட்டளைக்குக் கொடுத்து, ஊர் நூலகமாவோ அருங்காட்சியகமாவோ ஆக்கறதா இருந்தா கேக்கலாம். அப்படிக் கொடுத்தா வீடு உங்க பிள்ளைகளுக்கு இல்லை. அதைத் தெளிவா புரிஞ்சுக்கிட்டுச் செய்யணும்.

கோட்டை, கோயில் பக்கத்துல வீடு இருந்தா

இது தனிக் கதை. உங்க வீடு சாதாரண வீடாவே இருக்கலாம். ஆனா மத்திய அரசு பாதுகாக்கிற சின்னத்துல இருந்து 100 மீட்டருக்குள்ள இருந்தா புதுக் கட்டடம் கட்ட முடியாது. ரிப்பேருக்கே அனுமதி வேணும். அதுக்கு மேல 200 மீட்டர் வரைக்கும் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி, அங்கயும் அனுமதி வாங்கித்தான் கட்டணும். மீறினா 2 வருஷம் வரைக்கும் சிறை, 1 லட்சம் வரைக்கும் அபராதம், அல்லது ரெண்டும்.

கங்கைகொண்ட சோழபுரத்துலயோ ரஞ்சன்குடியிலயோ இந்த எல்லைக்குள்ள பழைய வீடு இருந்தா, “இடிச்சுட்டுப் புதுசா கட்டிக்கலாம்”னு இடிச்சுடாதீங்க. இடிச்ச பிறகு திரும்பக் கட்ட அனுமதி கிடைக்கலைன்னா கையில மிஞ்சறது வெறும் மனைதான். இங்க பழைய வீட்டை ஒழுங்கா பராமரிக்கறதுதான் சொத்தைக் காப்பாத்தற வழி. இந்த எல்லைக்குள்ள மனை வாங்கறவங்களும் தூரத்தை அளந்து பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுங்க.

என்ன வரிசையில செய்யலாம்?

1. எதையும் பிரிக்காம, வீட்டை ஒவ்வொரு அறையா போட்டோ எடுங்க. ஓட்டு அச்சு, உத்தர முத்திரை, நிலைப்படி உட்பட. ஒரு தரை வரைபடம் போட்டு வைங்க.
2. பத்திரம், வில்லங்கம், வரி ரசீது, வாரிசுச் சான்றிதழ் எல்லாம் ஒரே ஃபைல்ல.
3. பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்கிட்ட 2001 மதிப்புக்கு அறிக்கை. வீடு நிக்கும்போதே வாங்கினாத்தான் கட்டடத்தைப் பார்த்து எழுத முடியும்.
4. மேல சொன்ன 4 கேள்விக்கும் ஒரு பக்கத்துல பதில் எழுதுங்க. மூணு கேள்விக்குத் தெளிவான பதில் இருந்தா பாரம்பரியக் கட்டட வேலை தெரிஞ்ச ஆர்க்கிடெக்டையோ இன்டாக் கிளையையோ அணுகுங்க.
5. பங்காளிகள் எல்லாருக்கும் அந்த ஒரு பக்கத்தையும், வித்தா ஆளுக்கு வரி போக எவ்வளவுன்னு ஒரு பக்கத்தையும் அனுப்புங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பேசினா சண்டை பாதி குறையும்.
6. அப்புறம்தான் முடிவு: வெச்சுக்கறதா, விக்கறதா, பொதுவுக்குக் கொடுக்கறதா.

விக்கறது தப்பில்லைங்க. எல்லாராலயும் பழைய வீட்டைக் கட்டிக் காப்பாத்த முடியாது, அதுக்காக யாரும் குற்ற உணர்ச்சி பட வேண்டியதில்லை. ஆனா என்ன விக்கறோம்னு தெரிஞ்சு விக்கணும். மதிப்பீட்டுக்கு ஆகற செலவு, தூண் வியாபாரி கொடுக்கற அட்வான்ஸை விடக் குறைவாத்தான் இருக்கும்.

2001 சந்தை மதிப்பு எப்படிக் கணக்குப் பண்றதுன்னு அடுத்த வீடியோவுல ஒரு பழைய பத்திரத்தை வெச்சே காட்டறேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆவணம் வேற மாதிரி இருக்கும், அதனால உங்க ஃபைலை உங்க ஆடிட்டர்கிட்டயும் வக்கீல்கிட்டயும் காட்டின பிறகு முடிவு எடுங்க. வீட்டுல இந்தப் பேச்சு ஓடிக்கிட்டிருந்தா, இந்தப் பதிவைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல போட்டு விடுங்க.